பொன்னாடையை மடித்து வையுங்கள், மக்களே

நாகர்கோவிலில் ராப் போட்டி நடத்தும் பிள்ளைகளுக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். முதல் தடவை மீன் கழுவிக்கொண்டே கேட்டதில் சரியாக விளங்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டேன். விளங்கியது. விளங்கியதால்தான் இந்த மடல்.

தனியாகவே பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் "53 வயதில் ராப் பாடும் அம்மா" என்று என் படத்தைப் போட்டுப் போஸ்டர் அடித்து, கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவர் வரைக்கும் தெரியவைத்தவர்கள் நீங்கள். அறிவிப்பு ஊர் பார்க்க வந்தது. பதிலும் ஊர் பார்க்க வரட்டும்.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவரை ஒருவர் வரிக்கு வரி கிண்டல் செய்து மோதும் இந்தப் போட்டியில் எனக்காகச் சில மாற்றங்கள் செய்திருப்பதாக அந்தக் குரல் பதிவில் சொன்னீர்கள். எதிராளி என்னை "அம்மா, நீங்க" என்றுதான் அழைப்பான். என் வயது, உடம்பு, வேலை, குடும்பம் எதையும் தொடமாட்டான். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று, எனக்கு ஒரு நிமிடம் வீதம் இரண்டே சுற்று. வரி மறந்தால் செல்போனைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். நாணயம் சுண்டாமலேயே இரண்டாவதாகப் பாடும் வாய்ப்பு எனக்கு. இதெல்லாம் போதாதென்று, போட்டி தொடங்கும் முன்னால் மேடையில் பொன்னாடை வேறு போர்த்துவீர்களாம்.

அந்தப் பொன்னாடையை முதலில் பேசிவிடுவோம். பேசி முடித்தவர்களுக்குப் போர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கும் முன்பே புதுத்துணி போர்த்துவது எங்கள் ஊரில் ஒரே ஒரு சமயத்தில்தான், அதற்கப்புறம் அந்த ஆள் பேசுவதில்லை. எனக்குக் கோடி போடும் பொறுப்பு என் அண்ணன்மாருடையது, அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தோள்சீலை போட்டதற்காகப் பெண்கள் அடிபட்டு, கடைசியில் 1859-ல் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஆணை வாங்கிய மண் இது. தோளில் என்ன கிடக்க வேண்டும் என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு போட்டிகளில் எனக்கு இந்தச் சலுகை ஒன்றுகூட இல்லை. முதலில் வந்த கல்லூரிப் பையன், "பாட்டி, சீரியல் நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றுதான் ஆரம்பித்தான். என் முறை வந்தபோது நான் சொன்னது:

சீரியலப் பாத்து அழுதவ நானில்ல,
சீறி வந்தவன் அழுதா நான் பொறுப்பில்ல.

அவனே சிரித்துவிட்டான். மேடையில் எதிராளி சொன்னதற்குச் சிரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்து வந்த குளச்சல் பையன் என் பல், என் செருப்பு, நான் மைக் பிடித்த விதம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நல்ல குரல் அவனுக்கு. நடுவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, நானும் சுளிக்கவில்லை. இப்போது ஒன்பது வருட அனுபவக்காரன் எதிரே வருகிறான் என்றதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பேசுகிற மாதிரி எல்லாரும் குரலைத் தாழ்த்துகிறீர்கள்.

என்னைப் பற்றிய கவலை இல்லை இது. அவனைப் பற்றிய கவலை. 31 வயதில் அவன் உங்களுக்கு சீனியர், 53 வயதில் நான் புதுசு. என்னை அடித்து நொறுக்கினால் "பாவம், ஒரு அம்மாவைப் போய்" என்று வீடியோவுக்குக் கீழே திட்டு விழும். என்னிடம் தோற்றால் அந்த வீடியோ அவன் கல்யாணம் வரைக்கும் கூட வரும். இரண்டு பக்கமும் அவனுக்கு நஷ்டம். அதனால் போட்டியையே பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி ஆக்கிவிட்டால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அதில் அவன் ஜெயித்தாலும் அது ஜெயிப்பாக இருக்காது. ஒன்பது வருடம் மேடையில் நின்றவனுக்கு நீங்கள் செய்கிற மரியாதை இதுதானா?

(அவன், இவன் என்று எழுதுகிறேன். என்னையும் அவன் அப்படித்தான் பேச வேண்டும் என்று கேட்கத்தான்.)

நான் வேலை பார்ப்பது அண்டி ஆபீசில். இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் நிற்கிறேன். முந்திரித் தொழிற்சாலை என்று பலகையில் எழுதியிருப்பார்கள், விளவங்கோடு, கல்குளம் பக்கம் அப்படி யாரும் சொல்வதில்லை. வறுத்த அண்டியை ஒரு கையில் பிடித்து, சின்னக் கட்டையால் தல்ல வேண்டும். ஓடு உடைய வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பு உடையக் கூடாது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும், அதற்காகக் கையில் சாம்பல் தடவிக்கொள்வோம். என்ன தடவினாலும் கறை போகாது. கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்தால் அண்டி ஆபீஸ் என்று கண்டுகொள்ளலாம்.

வரிசையாக உட்கார்ந்து எட்டு மணி நேரம் தல்லும்போது வாய் சும்மா இருக்குமா? ஒருத்தி இன்னொருத்தியின் மாமியாரைப் பற்றி ஒரு வரி எடுத்துவிடுவாள். மற்றவள் எசப்பாட்டில் திருப்பித் தருவாள். கட்டை விழுகிற சத்தம்தான் தாளம். மேஸ்திரி வந்தால் பாட்டு வேதக்கோயில் பாட்டாக மாறிவிடும், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கோபப்பட்டவள் தோற்றாள். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குள்ளே 'டசன்ஸ்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறதாம், ஒருவன் அம்மாவை இன்னொருவன் மாறி மாறிக் கிண்டல் செய்வது, பொறுமை இழந்தவன் தோற்றவன். ராப் சண்டையின் வேர்களில் அதுவும் ஒன்று என்று மகன் சொன்னபோது, இதைத்தானே நாங்கள் கூலியும் வாங்கிக்கொண்டு செய்கிறோம் என்றேன்.

மகன்தான் எனக்கு இதையெல்லாம் காட்டினான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, இங்கிலீஷில் விளங்காத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்லித் தருவான். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறக்கும் முன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் வாங்கினாள். இசைத்தட்டு சுழற்றியது அவள் அண்ணன் கூல் ஹெர்க். ஹிப் ஹாப் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த ராத்திரியைத்தான். அண்ணன் பெயர்தான் எல்லாருக்கும் தெரிகிறது. அது போகட்டும்.

1981 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் இரண்டு ராப்பர்கள் மோதியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸி பீ கூட்டத்தைச் சிரிக்கவைத்துக் கைதட்ட வைப்பதில் கெட்டிக்காரர். கூல் மோ டீ ஏறி, அந்தக் கைதட்டு வாங்கும் முறையையே பிடித்துக் கேள்வி கேட்டு உடைத்தார். கைதட்டு வேறு, வரி வேறு என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. அதே பிஸி பீ 1985-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய போட்டியின் இறுதிச் சுற்றில் ரொக்ஸான் ஷாண்டே என்ற ராப் பாடகியைத் தோற்கடித்தார். அவளுக்கு அப்போது 15 வயது. நடுவர்களில் ஒருவர் அவளுக்கு மட்டும் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டதும், சின்னப் பெண் ஜெயித்தால் இந்தக் கலையை யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தில் போட்டதும் பின்னாளில் வெளியே வந்தது. உங்கள் நடுவர்களுக்கு இந்தக் கதையை ஒருமுறை சொல்லிவிடுங்கள். சின்னப் பெண் என்று குறைத்தாலும், வயதான பெண் என்று கூட்டிப்போட்டாலும் கை ஒரே கைதான்.

செல்போனைப் பார்த்துப் படிக்கலாம் என்றீர்களே, அதற்கும் ஒரு ஆள் இருக்கிறார். கனிபஸ் என்ற ராப்பர். 1998 முதல் இசைத்தட்டு வெளியிட்டவர், பெரிய பெயர். ஆனால் இந்த மாதிரி எதிர் எதிரே நின்று பாடும் மேடைக்குப் புதுசு. 2012-ல் டிஸாஸ்டர் என்ற தேர்ந்த சண்டைக்காரனோடு மோதினார். மூன்றாவது சுற்றில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அந்த வீடியோவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க மனசு வரவில்லை. எனக்கு வரி மறந்தால் மறக்கட்டும், அந்த மௌனம் ஓடட்டும். யாரும் கைதட்டிக் காப்பாற்ற வேண்டாம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். அண்ணாவி பாடப் பாட, பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார். அது வில்லுக்கு அழகு. ராப் மேடையில் எனக்கு யாரும் "ஆமா" போட வேண்டாம்.

நாணயம் சுண்டுவதையும் விடாதீர்கள். இரண்டாவதாகப் பாடுகிறவருக்கு முதல் ஆள் சொன்னதைப் பிடித்துத் திருப்பி அடிக்கும் வசதி உண்டு. அது பூவா தலையாவில் வரவேண்டிய அதிர்ஷ்டம், இனாமாக வரக் கூடாது. நம் ஊர்ப் பழைய புலவர்கள் இந்த விஷயத்தில் கறாராகத்தான் இருந்திருக்கிறார்கள். தப்பாகப் பாடினால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம், வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவாராம். அந்த வில்லிபுத்தூராரும் அருணகிரிநாதரிடம் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாமல் தோற்றார் என்றுதான் கதை. காதை அறுக்கச் சொல்லவில்லை. காதைப் பொத்தவும் வேண்டாம் என்கிறேன்.

இப்போது இந்த "நீங்க".

தமிழில் சண்டை பிடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. இங்கிலீஷ்காரனுக்கு எல்லாரும் ஒரே 'யூ'. நமக்கு வினைச்சொல் முடியும்போதே மரியாதை தெரிந்துவிடும். "வந்தீங்க, நின்னீங்க, தின்னீங்க" என்று பாடினால் இயைபு தானாக வரும், ஆனால் பல் இருக்காது. ஒவ்வொரு வரியும் கும்பிட்டுக்கொண்டே முடியும். "டா" போட்டுப் பாடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வாடா, போடா, பாருடா என்று எல்லா வரியும் டாவில் முடித்துவிட்டு அதை இயைபு என்கிறார்கள். அது பஸ் கிளம்பும்போது காட்டுகிற டாட்டா. (இது உங்களில் மூன்று பேருக்கு. யார் என்று உங்களுக்கே தெரியும்.)

ஆண்களுக்கு நம் ஊரில் நடுவழி ஒன்று இருக்கிறது. "ஓய், நீரு என்ன பாடுதீரு" என்றால் மரியாதையும் உண்டு, குத்தும் உண்டு. பெண்ணுக்கு அப்படி ஒன்று இல்லை. மேலே "அம்மா", கீழே "ஏட்டி", நடுவில் படியே கிடையாது. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் சவூதியிலிருந்து மகன் கூப்பிட்டு, "அம்மா, நீ தூங்கலியா?" என்றான். விடை அதிலேயே இருந்தது. அப்பாவை "நீங்க" என்கிற பிள்ளைகள் பலரும் அம்மாவை "நீ" என்றுதானே சொல்கிறீர்கள்! அம்மா என்றுதான் அழைப்பேன் என்று அவன் அடம்பிடித்தால் அழைக்கட்டும். அந்தச் சொல்லோடு "நீ" என்ற உரிமையும் சேர்ந்தே வந்துவிடும். என் தரப்பில் ஆட்சேபம் இல்லை.

மகனைச் சொன்னேன் அல்லவா. உங்களில் பழைய ஆட்கள் இரண்டு பேருக்கு அவனைத் தெரியும். 2019-ல், இப்போது என் எதிரே வருகிற இதே தம்பியோடு மோதி இரண்டாவது சுற்றில் தோற்றான். எப்படித் தோற்றான் என்று வீட்டில் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வீடியோ எனக்கு வேறொரு வழியில் வந்தது. தம்பி பாடிய வரி இது:

அண்டி தல்லுத கையில சோறு தின்னவன் நீ,
தொண்டையில கறை புடிச்சு நின்னவன் நீ.

கூட்டம் அலறியது. என் மகன் அப்படியே நின்றான். வரியில் சொன்னபடியே நின்றான், அதுதான் கொடுமை. ஒரு நிமிடத்துக்கு மேல் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறான், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

பொய் சொல்லமாட்டேன். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் வரியைப் பார்த்தேன். அண்டி, தொண்டை: எதுகை சரியாக விழுந்திருக்கிறது. தின்னவன், நின்னவன்: இயைபும் பிசகவில்லை. எதிராளி அடுத்து என்ன ஆவான் என்பதையும் வரிக்குள்ளேயே வைத்திருக்கிறான். ஓடு உடைந்தது, பருப்பும் உடைந்தது. எங்கள் ஆபீசில் இதற்குக் கூலி குறையும். உங்கள் மேடையில் அவனுக்குக் கோப்பை கொடுத்தீர்கள், கொடுத்ததும் நியாயம்தான்.

மகன் அதற்கப்புறம் பாடவில்லை. வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். அந்த வரியால்தான் போனான் என்று நான் சொல்லவில்லை, கடனும் இருந்தது. ஆனால் அந்த வரிக்குப் பதில் சொல்லவேண்டியது அவன் இல்லை என்று எனக்குப் பட்டது. கை என்னுடையது. அன்றிலிருந்து தல்லும்போதெல்லாம் அதற்கு எசப்பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பெண்கள் கேட்டு, பல வரிகளைத் தள்ளிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது பதினாறு வரி.

என் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று நீங்கள் விதி போட்டுவிட்டால் அந்தப் பதினாறு வரியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவன் அதைச் சொல்ல வேண்டும், மக்களே. வேண்டுமானால் இன்னும் நன்றாகச் சொல்லட்டும். சரக்குக்கு அலையவேண்டாம், நானே தருகிறேன்: வயது 53, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, வீட்டுக்காரர் 2008-ல் கோயம்புத்தூருக்கு வேலைக்கென்று போனவர் இன்னும் பஸ் ஏறவில்லை, பிளஸ் டூ கணக்கில் இரண்டு தடவை தோல்வி. எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நானே வெளியில் சொல்லிவிட்ட பிறகு இதில் எதற்கும் முனை இருக்காது என்பது ஒன்பது வருட அனுபவத்துக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே எடுக்கட்டும்.

விதி போட உங்களுக்கு அவ்வளவு ஆசை என்றால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று சாதி. போன மாதம் ஒரு பையன் நேரடியாகச் சொல்லாமல் ஊர்ப்பெயரை வைத்துச் சுற்றி வளைத்து ஒரு வரி விட்டான். பாதிக் கூட்டம் சிரித்தது, பாதிக் கூட்டத்துக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சிரித்ததுதான் அசிங்கம். நடுவர்கள் மதிப்பெண்ணும் போட்டார்கள். சிரிக்கவைத்துக்கொண்டே சூடு வைப்பது எப்படி என்று ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் காட்டிவிட்டுப் போன ஊரில் இது நமக்குத் தேவையா?

இன்னொன்று அம்மா. என் போட்டிக்கு மட்டும் "தாயைப் பற்றி வசை கூடாது" என்று அறிவித்திருக்கிறீர்கள். அன்றைக்கு மற்றவர்கள் மோதியபோது பின்வரிசையில் உட்கார்ந்து, தாய் வசை எத்தனை தடவை வருகிறது என்று விரல்விட்டு எண்ணினேன், கால் விரலும் போதவில்லை. அந்த அம்மாக்கள் யாரும் மேடையில் இல்லை. அதனால் உறுத்தவில்லை. ஒருத்தி மைக்கோடு ஏறியதும் உறுத்துகிறது. விதி வேண்டுமானால் எல்லாப் போட்டிக்கும் போடுங்கள். முடியாது என்றால் எனக்கும் வேண்டாம். மேடையில் இல்லாத அம்மாவைத் திட்டுவதைவிட, எதிரே நின்று பதில் சொல்கிற அம்மாவைத் திட்டுவது எவ்வளவோ மேல்.

போஸ்டரில் ஒரு திருத்தம். எனக்கு மேடைப் பெயர் இருக்கிறது. பதிவுத் தாளில் எழுதித்தான் தந்தேன், நீங்கள் "ராப் அம்மா" என்று மாற்றிவிட்டீர்கள். என் பெயர் கொல்லாண்டி. முந்திரிக்கு நம் பக்கத்துப் பெயர் அது என்று நாகர்கோவில் டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், வீட்டில் பாட்டாவிடம் கேளுங்கள். கொல்லாமல் விடுவேன் என்றும் அதற்குப் பொருள் வைத்துக்கொள்ளலாம். குரல் பதிவில் வார்த்தைக்கு வார்த்தை "ஆன்ட்டி" என்றீர்கள், கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், முதல் எழுத்தை மட்டும் குறிலாக்கி 'அண்டி' என்றால் போதும்.

மூன்று சுற்று, இரண்டு நிமிடம், நாணயம், கையில் காகிதம் கிடையாது. தம்பியிடம் இதைக் காட்டுங்கள். அவனுக்கும் இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் அவனே எனக்குக் கூப்பிட்டுச் சொல்லட்டும்.

நேரம் மட்டும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் போட்டியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், அதுவரை இருந்தால் கருங்கலுக்குக் கடைசி பஸ் போய்விடும். எட்டு மணிக்குள் முடித்துத் தந்தால் நல்லது. மறுநாள் காலையில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
கொல்லாண்டி